மங்குஸ்தான் கறையும் ஏழு கோள்களும்

1 ஜூலை 2025, செவ்வாய்

கல்லூரியில் பதினெட்டாம் தேதி டிராப்பிஸ்ட்-1 விண்மீனைப் பற்றி உரையாற்ற வேண்டும். நாற்பது ஒளியாண்டுத் தொலைவு; ஏழு கோள்கள். ஒன்றையும் எவரும் நேரில் கண்டதில்லை. கோள் குறுக்கே செல்கையில் விண்மீன் சற்றே மங்குகிறது. அம்மங்கல் தவறாமல் திரும்புகிறது. எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து கோளின் அளவை அறியலாம்.

நாச்சியார் ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போய்வந்தாள். திருநீறு கொண்டுவரவில்லை. என் மனைவி அப்படி ஒருநாளும் வந்தவளில்லை.

8 ஜூலை, செவ்வாய்

மீண்டும் ஆய்க்குடி. மீண்டும் திருநீறு இல்லை. சேலையில், முழங்கால் உயரத்தில், கறை.

“குங்குமம் சிந்திட்டுதுங்க. பெருங்கூட்டம்லா.”

9 ஜூலை

கொடியில் அந்தச் சேலை. துவைத்தும் கறை போகவில்லை. குங்குமமன்று, மங்குஸ்தான் பழத்தோலின் சாறு. ஐந்து சிறு விரல்களின் தடம். பற்றிய குழந்தைக்கு இரண்டு வயதிருக்கும்.

என் மகள் உமாவுக்குக் குழந்தையா?

மூன்றாண்டுகளுக்கு முன் ஆலங்குளத்து ஜோஷ்வாவை அவள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தியை, பெற்ற தகப்பனான எனக்குச் சொன்னவர் கல்லூரி அட்டெண்டர். இனி அவள் பெயரை இவ்வீட்டில் எடுக்கக் கூடாது என்றேன். நாச்சியார் எடுக்கவில்லை — பெயரை மட்டும்.

எம் பேரப்பிள்ளைய எனக்கே ஒளிச்சு வச்சிருக்காளுவ, ரெண்டு பேரும்!

15 ஜூலை, செவ்வாய்

நாச்சியாரை ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். அவள் ஏறிய பேருந்து ஆய்க்குடிக்குப் போகாமல் ஐந்தருவிக்குச் சென்றது. பழக்கடையோரம் உமா குடை பிடித்திருந்தாள், இளைத்திருக்கிறாள். நாச்சியார் பழத்தை உடைத்து ஊட்ட, அவள் சேலையைப் பற்றிக்கொண்டு ஒரு பெண் குழந்தை. வாய் நிறையப் பழத்துடன் சிரித்தது.

மூக்குக்கண்ணாடியில் சாரல், சரியாகத் தெரியவில்லை என்று எழுதலாம். தெரிந்தது.

கூப்பிடாமல் திரும்பினேன்.

18 ஜூலை

உரை முடிந்தது. ஒரு மாணவி கேட்டாள்: “கோள் அங்கன இருக்குன்னு தெரிஞ்ச பொறவு என்ன சார் செய்வாங்க?”

“மறுபடி குறுக்கே வரும்வரை காத்திருப்பார்கள்.”

22 ஜூலை, செவ்வாய்

காலையில் “நானும் வாரேன்” என்றேன்.

“கோயிலுக்கா?”

“பழக்கடைக்கு.”

நாச்சியார் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஏசுவீங்களா?”

“ஏசுவேன். உன்னையும் அவளையும். பிள்ளைய இல்ல.”

பழக்கடைக்குப் போனோம். ஏசவும் இல்லை. உமாவும் நானும் ஒரு சொல் பேசவில்லை. கோபம் இம்மியும் குறையவில்லை. அதை இங்கே பதிவு செய்கிறேன். ஆச்சி உடைத்துத் தரும் வேகம் போதாமல், குழந்தை ஒரு முழுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. உடைத்துக் கொடுத்தேன். இன்னொன்று. இன்னொன்று.

வீட்டுக்கு வந்ததும் நாச்சியார் என் வெள்ளை வேட்டியின் முழங்காலைப் பார்த்தாள்.

“என்னங்க, குங்குமம் சிந்திட்டுதா?”

“ஆமா. பெருங்கூட்டம்லா.”