மோக்காவின் இடது காது

பெப்ரவரி 4, புதன்

அம்மா இந்தக் கொப்பியை எடுத்துப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சில் எழுதினால் அவருக்கு விளங்காது. ஆனால் எனக்குப் பிரெஞ்சில் கோபப்படத் தெரியாது. படிக்கட்டும்.

இன்றைக்கும் தொடங்கினார். "பள்ளிக்கூடத்தை விட்டுப்போட்டு நாயோட சுத்துது." வகுப்புக்கு முன்னால் நின்று பேசச் சொன்னால் எனக்குச் சொல் வராது. பின்வாங்கில் சிரிப்பார்கள். போன வருடம் படிப்பை விடும்போது இதை வீட்டில் சொன்னேன். "வெக்கத்துக்கு ஆரும் படிப்பை விடுவினமே?" என்று அப்பா கேட்டார். அதோடு நான் விளக்கம் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

காலையில் தமிழ்க் கடையின் பின்னறையில் மரக்கறி பிரிக்கிறேன். வெங்காயத்தோடு பேசத் தேவையில்லை. வீட்டுக்கு வந்தால் கதவடியில் மோக்கா. அண்ணை ஒட்டாவாவுக்கு வேலைக்குப் போகும்போது எனக்கென்று வாங்கித் தந்த ஸ்பானியல் நாய். மண்ணிறம், நிலத்தைக் கூட்டுகிற மாதிரி நீளக் காதுகள். நான் ஜக்கெற்றைக் கழற்றமுன்பே சப்பாத்தில் தலையை வைத்துவிடுவான். ஏன் பிந்தினாய், ஏன் பேசுகிறாயில்லை என்று ஒன்றும் கேட்கமாட்டான்.

இன்று அடிக்கடி தலையை உதறுகிறான். இடது காதைக் காலால் விறாண்டுகிறான்.

பெப்ரவரி 7, சனி

காது கெட்ட மணம் மணக்கிறது. உள்ளே ஒரே சிவப்பு. மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும் என்றேன். "எங்களுக்கே டொக்டரைப் பாக்க மாசக்கணக்காச் செல்லுது. நாய்க்கு டொக்டராம்," என்றார் அம்மா.

நானே வைத்தியருக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் "போன்ஜூர்" என்றாள். வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தேன். திரும்பவும் வைத்துவிட்டேன்.

மோக்கா தலையைச் சரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு என்னையே அறையவேண்டும் போல் இருந்தது.

பெப்ரவரி 8, ஞாயிறு

கடையால் வந்தால் அம்மா அவனை மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சி ஆற வைத்து, கரண்டியால் காதுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா செய்யிறியள்?"

"உனக்கும் உன்ரை அண்ணைக்கும் இப்பிடித்தான் விட்டனான். செவிடாயோ போனியள்?"

அவனைத் தொட்டால் கை கழுவுகிற அம்மா மடியில் வைத்திருந்தார். அதைப் பார்த்து நான் தடுக்கவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

மோக்கா ஊளையிட்டான். அம்மா விளக்குக் கொளுத்துகிற நேரம். தலையைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து, நீளமாக. அவன் அப்படி அழுது நான் கேட்டதே இல்லை.

"நாய் ஊளையிடுறது வீட்டுக்குக் கூடாது. ஆருக்கோ வரப்போகுது," என்றார் அம்மா. அப்பா அவனைப் பல்கனியில் விட்டுக் கதவைப் பூட்டினார். மொன்றியலில், பெப்ரவரியில், பல்கனி! நான் திறந்தேன். அவர் பூட்டினார். நான் திறந்தேன்.

காதுக்குத்தான் நோகுது. காதுக்கு. ஏன் ஒருத்தருக்கும் விளங்குதில்லை?

பெப்ரவரி 11, புதன்

விடிய யாழ்ப்பாணத்தில் இருந்து போன். அப்பாவின் அண்ணை, எங்கள் பெரியப்பா, போய்விட்டார். இருதய வருத்தக்காரர். போன மாதமும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்.

அப்பா குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். அப்படியும் கேட்டது. பாவமாக இருந்தது.

பிறகு வெளியே வந்து மோக்காவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். நேற்றைய ஊளையைத்தான் நினைக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது.

பெப்ரவரி 15, ஞாயிறு

வீடு நிறையத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள். ஒவ்வொருவரிடமும் அம்மா அதே கதையைச் சொன்னார். காலையில் வந்தவர்களுக்கு மோக்கா ஒருதரம் ஊளையிட்டான். பின்னேரம் வந்தவர்களுக்கு மூன்று நாள் விடாமல் ஊளையிட்டான், அதுவும் தெற்கே பார்த்து!

ஆற்றுக்கு அந்தப்பக்கம் புரோசார்டில் இருந்து வந்த சிவநேசம் மாமா, அப்பாவின் சிநேகிதர், "செத்தவீட்டுத் துடக்கு முடியுமட்டும் எங்கட கராஜிலை நிக்கட்டும், தியாகு" என்று அப்பாவிடம் சொன்னார். நான் குசினிக்குள் தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வர மோக்காவும் இல்லை, அவனைக் கட்டுகிற வாரும் இல்லை.

"அந்தியேட்டி முடியப் பாப்பம்," என்றார் அப்பா.

அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் காரியம். அதுமட்டும் கராஜில். அந்தக் காதோட.

பெப்ரவரி 18, புதன்

ஞாயிற்றுக்கிழமையில் இருந்து வீட்டில் ஒருவரோடும் நான் கதைக்கவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை.

பெப்ரவரி 19, வியாழன்

அண்ணைக்கு எழுதினேன். "அப்பா துக்கத்திலை நிக்கிறார். கொஞ்சம் பொறு," என்று பதில் வந்தது. காது அவனுடையதா, பொறுக்க?

பெப்ரவரி 21, சனி

நேற்று நடந்ததை இன்றுதான் எழுத முடிகிறது.

கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் புரோசார்டுக்கு ரெயில் ஏறினேன். சிவநேசம் மாமா கராஜைத் திறந்தார். மோக்கா கழற்றி வைத்த கோடைகாலக் கார்ச் சக்கரங்களுக்கு நடுவில் கிடந்தான். தலை ஒருபக்கம் சரிந்தபடி. என்னைக் கண்டு எழும்பி, நேராக வர முடியாமல் வட்டமாக வந்தான். என் சப்பாத்தைத் தேடி வட்டமாக.

"சாப்பிடுதில்லை பிள்ளை. உன்ரை யோசினையாக்கும்," என்று மாமா சிரித்தார்.

அப்போதுதான் எனக்குச் சொல் வந்தது.

"யோசினையில்லை மாமா, காது அழுகுது! இந்த மணம் மணக்குது, உங்களுக்கு மூக்கில்லையா? இவனோ பெரியப்பாவைக் கொன்றவன்? ஏன் எல்லாரும் இப்பிடி இருக்கிறியள்?"

மாமி யன்னலால் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்தார். பார்க்கட்டும். அந்த ரோட்டில் நின்றபடியே வைத்தியருக்குப் போன் எடுத்தேன். "போன்ஜூர்" என்றாள் ஒருத்தி. வைக்கவில்லை. என் பிரெஞ்சு முழுக்கப் பிழை. முழுக்கப் பிழையாகவே சொன்னேன். உடனே கொண்டு வா என்றாள்.

மாமாதான் காரில் ஏற்றினார். சீற்றுக்குத் துவாய் விரித்தார். வழி முழுக்க "நாய்க்கு ஆஸ்பத்திரி, கலிகாலம்" என்று முணுமுணுத்தார். ஆனால் சிவப்பு விளக்குகளில் எல்லாம் திரும்பிப் பார்த்தார்.

வைத்தியர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். எண்ணெய் விட்டது யார் என்று கேட்டார். அம்மா என்றேன். காதுக்குள் இருந்த கிருமியை எண்ணெய் உள்ளேயே அடைத்துவிட்டதாம், செவிப்பறை போய்விட்டதாம். மருந்தில் புண் ஆறும். அந்தப் பக்கம் இனிக் கேட்காது. கடைச் சம்பளத்தில் கட்டினேன்.

மாமா எங்களை வீட்டு முனையில் இறக்கினார். மேலே வரவில்லை. "நான் கொண்டந்து விட்டனெண்டு தியாகுவிட்டைச் சொல்லிப்போடாத, பிள்ளை." பெரிய வீரர்!

கதவைத் திறந்தது அப்பா. பின்னால் வரவேற்பறையில் விசாரிக்க வந்த சனம்.

"ஆரைக் கேட்டுக் கொண்டந்தனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. அவன் சாவைச் சொல்லி அழேல்லை, அப்பா. காது நொந்து அழுதவன். அம்மா விட்ட எண்ணெயிலை ஒரு காது செவிடாப் போச்சு. இனி அவனை வெளியிலை விட்டால் நானும் போவன்."

எல்லோருக்கும் முன்னால், உரத்து. அம்மாவின் கையில் தேத்தண்ணித் தட்டம் இருந்தது. அவர் அதைக் கீழே வைக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. அப்பா மோக்காவின் சரிந்த தலையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, வழியை விட்டு விலகினார்.

அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இரவு அண்ணை போனில் சொன்னான். ஏன் வேண்டாம்? மோக்காவைப் பழித்ததும் அவர்களுக்கு முன்னால்தானே?

மார்ச் 13, வெள்ளி

அந்தியேட்டி. அறைக்குள் கட்டி வை என்றார்கள். கட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நானும் அவனோடு இருந்தேன். மருந்து விடும்போது இப்போது உறுமுவதில்லை.

அம்மா என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறார். நானும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

காலையில் அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு, "மோக்கா" என்று கூப்பிட்டார். அவன் நல்ல காதை நிலத்தில் வைத்து யன்னலடியில் படுத்திருந்தான். கேட்கவில்லை.

அம்மா உரத்துக் கூப்பிடவில்லை. தட்டோடு மேசையைச் சுற்றிப் போனார். அவனுடைய முகத்துக்கு நேரே, மெல்ல மெல்ல நிலத்தில் குந்தினார். இரண்டு தரம் தரையில் தட்டினார். அவன் கண்ணைத் திறந்தான்.

அவன் சாப்பிட்டு முடியுமட்டும் அம்மா அந்த இடது காதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், சோற்றில் படாமல். நான் பார்ப்பதைக் கண்டார்.

"என்ன விடுப்புப் பாக்கிறாய்?"

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அவருக்கு எழும்ப முழங்கால் விடவில்லை. போய்க் கையைக் கொடுத்தேன்.