அத்தை, அந்தக் கருவியை நான் பார்த்தேன்

என் அன்பு அத்தைக்கு,

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. அன்று அந்த அறையில் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு மனசு ஆறவில்லை.

பட்டுச் சாயப்பட்டறையில் கொதிநீர் கொட்டி வெந்துபோன எதிர்வீட்டுச் செல்விக்கு, புண்ணை மூடத் தோல் கிடைக்கவில்லை என்றார்கள். அவளைப் பார்த்துவிட்டு வந்துதான் தோல் தானத்துக்கு எழுதிக் கொடுத்தீர்கள். "செத்தப்புறம் எனக்கு எதுக்குடி அது?" என்றீர்கள். உங்களுக்கென்ன, சொல்லிவிட்டீர்கள்! உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் தோலை எடுத்தாக வேண்டும். நம் ஆரணிக்கு வழி கேட்ட தோல் வங்கி வண்டியோ கண்ணமங்கலம் தாண்டி வந்துவிட்டது. உங்கள் மகன் கையெழுத்துப் போட்டதோடு சரி, வாசலுக்குப் போய்விட்டார். உங்கள் மகள் வனஜா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா தோல உரிக்க வுடமாட்டேன் அண்ணி."

"நான் உள்ளயே நிக்கிறேன் வனஜா. ஒண்ணு தப்பாத் தெரிஞ்சாலும் நிறுத்தச் சொல்றேன்" என்ற பிறகுதான் விலகினாள்.

பெரிய கத்தி வரும் என்று பயந்திருந்தேன். வண்டியில் வந்த நர்ஸ் பெட்டியிலிருந்து எடுத்தது, முடிவெட்டும் மிஷின் போல ஒன்று. நுனியில் அகலமான பிளேடு, பக்கத்தில் ஒரு திருகு. தோல் எவ்வளவு மெல்லிசாக வர வேண்டுமென்று அதில்தான் வைக்கிறார்கள். "மேலாக்க மட்டுந்தாங்க, பாருங்க" என்று உங்கள் தொடையில் எண்ணெய் தடவி அதை நகர்த்தினாள்.

மெல்லிய விர்ரென்ற சத்தம். பாலாடை மாதிரி ஒரு நீளத் துண்டு எழுந்து வந்தது. விளக்குக்கு நேரே பிடித்தாள், பின்னாலிருந்த அவள் விரல் தெரிந்தது. ரத்தம் சொட்டவில்லை. எழுபது வருஷம் உங்களை மூடிக் காத்தது இவ்வளவுதானா அத்தை? இத்தனை மெல்லிசா நாமெல்லாம்? என்னையறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன்.

எடுத்த இடங்களில் சுத்தமாகக் கட்டுப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்படியும் வனஜா என்னோடு பேசவில்லை.

நேற்றுதான் போன் செய்தாள். "அம்மா தோலு யாருக்கு வெச்சாங்க அண்ணி?"

அதைச் சொல்ல மாட்டார்கள் என்றேன். தேவைப்படும்வரை குளிர்பெட்டியில் இருக்கும், வெந்தவருக்குச் சொந்தத் தோல் வளரும்வரை மேலே போர்த்துவார்கள் என்றேன்.

"இன்னும் அந்தக் குளிர்லதான் இருக்குதா? அம்மாவுக்குக் குளிரே ஆவாதே அண்ணி."

இருவரும் அழுதோம். சீக்கிரம் யாருக்காவது போர்த்திவிடட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. அதற்கு யாரோ ஒருவர் வேக வேண்டுமே அத்தை.

வனஜா எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மருமகள்,
சாந்தி