பதினாறு அறுபது ஆன கதை

கார்டன் ரீச்,
கொல்கத்தா.

அன்பு மகள் மாதங்கிக்கு அப்பா எழுதுவது. கடிதம் என்றாலே இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, எழுதினால் அதற்கும் கோபப்படுவாய் என்று பேனாவைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். உள்ளபடி சொல்கிறேன், எனக்கு பிரஷர் மாத்திரை ஒழுங்காக நடக்கிறது, உன் அண்ணன் குரு ஆபீஸ் போகத் தொடங்கிவிட்டான், உன் அண்ணி சுதேஷ்ணாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மூன்று பேரும் மூன்று வேளையும் சாப்பிடுகிறோம். அங்கே கனடாவில் நீயும் மாப்பிள்ளை ஜெய்ராமும் உன் வயிற்றுப் பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க முருகன் பார்த்துக்கொள்ளட்டும். நீ ஃபோனை வைத்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை, அனுப்புகிற செய்திக்கெல்லாம் நீலக்குறி மட்டும் வருகிறது. பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், எழுதிய காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பினால் திறந்ததும் நாலு வரியாவது கண்ணில் பட்டுவிடும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். படம் பிடிக்கும் வேலையைத் தமிழ் படிக்கத் தெரியாத சுதேஷ்ணாவிடம் கொடுக்கப்போகிறேன், குருவிடம் கொடுத்தால் படித்துவிட்டுத் திருத்தம் போடுவான்.

அன்றைக்கு நீ கேட்டது இரண்டே கேள்வி. அம்மா போன பதினேழாம் நாள் ஹோட்டலில் உட்கார்ந்து கேக் வெட்டினீங்களா, சிரிச்சீங்களா, ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க என்றாய். இரண்டுக்கும் ஆமாம் என்றேன், நீ வைத்துவிட்டாய். இரண்டும் உண்மைதான், இப்போது கேட்டாலும் ஆமாம்தான். ஆனால் அந்த ஆமாமுக்கு முன்னால் ஒரு முட்டாள்தனம் இருக்கிறது, அது முழுக்க என்னுடையது, அதை உன் அண்ணன் சொல்லியிருக்க மாட்டான், ஏனென்றால் அவனுக்கே அது தெரியாது.

பதினாறு நல்லபடியாக முடிந்தது. குருதான் எல்லாம் செய்தான், மொட்டை போட்டுக்கொண்டு கங்கையில் முங்கி எழுந்து நடுங்கிக்கொண்டே செய்தான். எட்டாம் மாதத்தில் உன்னை விமானம் ஏற விடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்காக ஒருவரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீயும் உன்னைச் சொல்லிக்கொள்ளாதே. அன்று சாயங்காலம் சுதேஷ்ணாவின் அப்பா வந்தார். சம்பந்தியை வங்காளத்தில் பேயாய் என்பார்கள் என்று உனக்குத் தெரியும், அவர் வாசலில் நின்று பேயாய் மொஷாய் என்று கூப்பிடும்போதெல்லாம் உன் அம்மா அடுப்படிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இப்போது கூப்பிட்டால் எனக்கு ஏகப் பொருத்தமாக இருக்கிறது, வீட்டுக்குள் அப்படித்தான் நடமாடுகிறேன். அவர் சொன்னது என்னவென்றால், அவர்கள் வழக்கத்தில் காரியம் முடிந்தபின் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து மீன் சாப்பிட வேண்டும், மத்ஸ்யமுகி என்று பெயர், மீன் வாயில் பட்டால்தான் துக்கம் முறியும் என்றார். நம்மிலும் பதினாறு கழிந்து கவுச்சி சேர்ப்பது உண்டுதானே, சரி என்றேன். வீட்டில் யார் மீன் ஆய்வது, யார் குழம்பு வைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதைச் செய்கிற ஆளுக்குத்தானே பதினாறு கும்பிட்டிருக்கிறோம். அதனால் குரு அலிப்பூர் பக்கம் ஒரு பெரிய மீன் ஹோட்டலில் மறுநாள் மத்தியானத்துக்கு ஐந்து பேருக்கு இடம் பிடித்தான். ஆபீசில் மீட்டிங் இருக்கும் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டான். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

மறுநாள் காலை ஹோட்டலிலிருந்து ஒரு அம்மாள் கூப்பிட்டாள். எல்லாம் இங்கிலீஷ், பெரிய ஹோட்டலாயிற்றே என்று நானும் வங்காளத்துக்கு மாறவில்லை. என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ், அதிலும் முப்பத்தைந்து மார்க். கப்பல் பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேன் வரை வந்தது முழுக்கப் புரியாததற்கெல்லாம் யெஸ் சார் சொல்லித்தான். அவள் என்ன விசேஷம் சார் என்று கேட்டாள். பதினாறு என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, மை வைஃப் சிக்ஸ்டீன்த் என்றேன். சிக்ஸ்டியத்தா சார், வாவ் என்றாள். நான் யெஸ் யெஸ் என்றேன். வாவ் எதற்கு என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பெரிய ஹோட்டலில் இழவுக்கும் வாவ் சொல்வார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். அடுத்து எக் ஆர் எக்லெஸ் என்றாள். பதினாறு முடிந்துவிட்டதே, இனி முட்டைக்கு என்ன தடை, எக் ஓகே என்றேன். அவ்வளவு தெளிவாக ஒரு தப்பை இதுவரை நான் செய்ததில்லை.

ஹோட்டல் எப்படி என்று நீ கேட்கப்போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உள்ளே நுழைந்ததும் கண்ணாடித் தொட்டிக்குள் சிங்கி இறால் கையைக் கட்டிப்போட்டுக் கிடக்கிறது. சத்தமே இல்லை, கரியாஹாட் மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவன் இங்கே வந்தால் காது அடைத்துவிட்டது என்று நினைப்பான். குரு மொட்டைக்குத் தொப்பி போட்டிருந்தான். பேயாய் நண்டு சொன்னார், நண்டோடு கழுத்தில் கட்ட ஒரு துணியும் சின்னச் சுத்தியலும் ஒரு குறடும் வந்தது, ரிட்டயர் ஆகி நாலு வருஷம் கழித்து மறுபடியும் டூல்ஸ் கொடுத்திருக்காங்கப்பா என்றேன், சுதேஷ்ணா மட்டும் சிரித்தாள். எனக்கு ஏதோ வெளிநாட்டுப் பெயர் போட்ட மீனைச் சொன்னார்கள், வந்து பார்த்தால் நம் கொடுவா. வங்காளத்தில் பெட்கி என்று வாராவாரம் பையில் போட்டுக்கொண்டு வருவேனே அதே கொடுவா, இலை மாதிரி எதையோ தலையில் வைத்துக்கொண்டு வெள்ளைத் தட்டில் படுத்திருந்தது. பிட்டு வாயில் வைத்தேன். நல்ல மீன்தான், மெத்தென்று இருந்தது, அவ்வளவு தெரிந்தது, ருசி தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னம் மாதிரியோ இருக்குமே, அம்மா போனதிலிருந்து எனக்கு உச்சி முதல் கால் வரை அப்படி இருக்கிறது. பேயாய் குனிந்து என் தட்டைப் பார்த்துவிட்டு, காலி செய்துவிட்டீர்களே, நல்லது, இனி துக்கம் இறங்கும் என்றார். ஆமாம் என்றேன்.

அப்போதுதான் ஆறேழு பேர் கையைத் தட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி எங்கள் மேஜைக்கு வந்தார்கள். முன்னால் காலையில் ஃபோனில் கூப்பிட்ட அந்த அம்மாள், அவள்தான் மேனேஜராம், கையில் கேக், மேலே மெழுகுவர்த்தி, ஹாப்பி சிக்ஸ்டியத் என்று எழுத்து. எங்களில் வயதான பெண் என்றால் சுதேஷ்ணாவின் அம்மா ஒருத்திதான், அவள் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பாவம், அவள் இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அந்த நொடியில்தான் சிக்ஸ்டீன்த் எங்கே போய் சிக்ஸ்டியத் ஆனது, முட்டையை எதற்குக் கேட்டாள் என்று புரிந்தது. குரு எழுந்து ஏதோ கத்த வாயெடுத்தான். நான் அவன் கையை அழுத்தி உட்காரவைத்துவிட்டு, சாரி மேடம், என் மிஸ்ஸஸ் வரவில்லை, முழங்கால் வலி, வீட்டில் இருக்கிறாள் என்றேன். வங்காளத்தில் சொன்னேன், அதில் தப்பில்லாமல் பொய் சொல்ல வரும். அடடா என்றாள் அவள், அப்போ நீங்க வெட்டுங்க தாதா, போட்டோ எடுத்துட்டுப் போய் பௌதிகிட்ட காட்டுங்க என்றாள், என்னை அண்ணனாக்கி உன் அம்மாவை அண்ணியாக்கிவிட்டாள். வெட்டினேன். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர்களும் கை தட்டினார்கள். குரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டான். காரில் வரும்போது, பொண்டாட்டி செத்து பதினேழாம் நாள் கேக் வெட்டுற ஆள் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தாம்ப்பா, உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா என்றான். எனக்கு இங்கிலீஷ்தான் இல்லை என்றேன். அது சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் கோபத்தோடுதான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறான், அவனைக் குறை சொல்லாதே.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். அந்த நேரத்தில் ஒன்றும் யோசிக்கவில்லை, அதுதான் நிஜம். பிறகு இந்த ஒன்பது நாளும் யோசித்தேன். அம்மா போன மறுநாளிலிருந்து நான் போகாத ஆபீஸ் இல்லை, பென்ஷன், பாங்க், ரேஷன், கேஸ் கனெக்ஷன். எங்கே உன் அம்மா பெயரை எழுதினாலும் கவுண்டரில் இருக்கிறவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்து முன்னால் லேட் போடுங்க என்கிறார். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை லேட்டாக்காதவளுக்கு லேட் என்று எழுதி எழுதி எனக்கு அதுவே கைவந்துவிட்டது, கோமதி என்று தனியாக எழுத வருவதில்லை. அந்த ஹோட்டலில் மீதிக் கேக்கைப் பெட்டியில் வைத்து மேடம் பெயர் என்ன என்று கேட்டாள். கோமதி என்றேன். பெட்டிமேல் கோமதி என்று மட்டும் எழுதினாள், முன்னால் ஒன்றும் போடவில்லை. அடுத்த தடவை முழங்கால் சரியானதும் கட்டாயம் கூட்டிட்டு வாங்க என்றாள், வந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பார்த்தாயா மாதங்கி, கொல்கத்தா முழுக்க உன் அம்மா இல்லை என்று சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, அந்த ஒரு இடத்தில் ஆறேழு பேருக்கு அவள் வீட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை நான் எந்த வாயால் இல்லை என்று சொல்வேன். கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் சொல்லு.

மற்றபடி விசேஷம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு போடாதே, சுதேஷ்ணா சொல்லச் சொன்னாள், இரண்டுக்கும் நடுவில் நேரம் விட வேண்டுமாம். வாசலில் பனி உறைந்திருந்தால் தனியாக இறங்காதே, மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொள், வெட்கப்படாதே. பிரசவத்துக்கு அம்மா வந்து செய்ய வேண்டியதை யார் செய்வார்கள் என்று நினைத்துக் கலங்காதே, ஜெய்ராம் கஞ்சி வைக்கப் பழகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன், என்னைவிடக் கெட்டிக்காரர். சுகப்பிரசவமாகி தாயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உன் அம்மா பங்கு ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே போட்டுவிட்டேன்.

நான் இன்னும் அழவில்லை என்பதுதான் உனக்கும் குருவுக்கும் கோபம் என்று எனக்குத் தெரியும். வரவில்லை, என்ன செய்ய. வருகிற அன்று உன்னைத்தான் முதலில் கூப்பிடுவேன், வேறு யாரிடம் அழ முடியும். அதற்காகவாவது ஃபோனை எடு தாயி.

இப்படிக்கு,
இங்கிலீஷ் தெரியாத உன் அப்பா
சண்முகம்