சத்தமில்லாமல் விழுந்த கியர்

வெள்ளிக்கிழமை. பெடாஸ், தங்கச்சி வீடு.

ஜொகூர் ரோட்டில் நான் லோரி ஓட்டிய காலத்தில் போலீஸ்காரனே சலாம் வைத்து வழிவிடுவான். அப்பேர்ப்பட்ட என்னை மச்சானுடைய கிழட்டு டிராக்டர் ஒரு வாரமாக மானம் வாங்கியது. லோரி மாதிரி ஓட்டத்திலேயே கியர் மாற்றப் போனேன். அது அலறிய அலறலில் தோட்டத்துச் செம்பனை மரத்துக் குலையெல்லாம் தானாகவே உதிர்ந்திருக்கும்.

மச்சானுக்குக் கருமாதி முடிந்த கையோடு தங்கச்சி, "குலை ஏத்த ஆளில்ல, டிராக்டரை வித்துடலாம்லா" என்றாள். அவர் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட வண்டி. "நான் இருக்கும்போதா?" என்று மார்தட்டிவிட்டேன்.

இன்று மத்தியானம்தான் சூட்சுமம் பிடிபட்டது. வீட்டு வாசலுக்கு ஏறுகிற மேட்டுக்குக் கீழேயே வண்டியை முழுசாக நிறுத்திவிட வேண்டும். கிளட்சை அடிவரைக்கும் மிதித்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் கியரைத் தள்ளினால் எண்ணெய் விட்ட மாதிரி விழுகிறது. ஒரு கடமுடா இல்லாமல் மேடேறி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

தங்கச்சி சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்களாண்ணே" என்றாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "அவருதான் அந்த மேட்டுல கியர் சத்தமே கேக்காம ஏறி வருவாரு. நாளைலேர்ந்து பழையபடி அலற விட்டே ஓட்டுங்கண்ணே" என்றாள்.

"அதுல என்னை மிஞ்ச இந்த நெகிரி மாநிலத்திலேயே ஆள் கிடையாதும்மா" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.