மொட்டைப்பாறையில் நான் மாற்றிய சொல்

என் தங்கையைக் கட்டி என்னை மச்சானாக்கிக்கொண்ட சேவியருக்கு,

உன் நினைவு நாளுக்குச் சங்கம் போடுகிற மலரில் நானும் ஏதாவது சொல்ல வேண்டுமாம். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பது உன் மகள் ஸ்டெல்லா. நீ வெட்டுப்பட்ட அன்று ரோசம்மாள் வயிற்றில் மூன்று மாதமாக இருந்தவள். இன்று உன்னைவிட மூத்தவள், காதோரம் நரைத்துவிட்டது. "கொச்சையைத் திருத்துவேன் மாமா, வேற எதையும் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தாள்.

அவளுக்கு என்ன வேலை தெரியுமா? பெங்களூருக்கு அந்தப் பக்கம், நம் எஸ்டேட் லயத்து வீட்டு வரிசையையே கவிழ்த்து மூடிவிடலாம் போல ஒரு டிஷ் வானத்தைப் பார்த்து நிற்கிறதாம். நிலாவுக்கும் செவ்வாய்க்கும் போன வண்டிகள் பேசுவதை அதில் கேட்கிறார்கள். லீவுக்குச் சூரியநெல்லிக்கு வந்தவளிடம் நேற்று காலை விவரம் கேட்டேன்.

"நிலாவுக்கு அந்தப் பக்கம் எறங்குற வண்டிக்குப் பூமியே தெரியாது மாமா. நடுவுல நிலா மறைச்சு நிக்கும். அதனால ரெண்டு பக்கமும் தெரியுற எடத்துல ஒரு செயற்கைக்கோள நிறுத்தணும். நாம சொல்றத அது வாங்கி வண்டிக்குச் சொல்லும், வண்டி சொல்றத நமக்குச் சொல்லும். இப்ப நான் பாக்குறது அந்த வேலைதான்."

அது நான்தானே, சேவியர்?

வேலைநிறுத்தத்தின்போது நீங்கள் மறித்து நின்ற ஃபேக்டரி கேட் பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து ரோடு தெரியாது. மொட்டைப்பாறையில் நின்றால் இரண்டும் தெரியும். தொண்டை பெரிது என்று சங்கம் என்னை அங்கே ஏற்றிவிட்டது. ரோட்டு முக்கில் காவல் நின்ற தேவசகாயம் கத்துவதை நான் வாங்கி உங்களுக்குக் கத்த வேண்டும். நீ அதையே எனக்குத் திருப்பிக் கத்துவாய். சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

"கேட்டத விட்டுட்டு அது வேற ஒண்ணச் சொன்னா?" என்றேன்.

"சொல்லாது. அதுக்குப் பயமும் கிடையாது, ரோசமும் கிடையாது" என்று சிரித்தாள். "வழியில ஒரு எழுத்து கெட்டாலும் கண்டுபிடிச்சு, திரும்ப அனுப்புன்னு கேப்போம். இல்லைன்னா வண்டி பாறையில மோதிச் சில்லு சில்லாப் போயிரும்."

ஸ்டெல்லா, இனி வருவதையும் அப்படியே எழுது.

நீ வெட்டுப்பட்டதற்கு முந்தின வாரம், கம்பெனி கூலிக்குப் பிடித்த அடியாட்கள் ஜீப்பில் வந்து கல்லெறிந்தபோது நான் ஓடிவிட்டேன். மறுநாள் டீக்கடையில் எல்லார் முன்னாலும் நீ சொன்னாய்: "எங்க மச்சான் ஓட்டத்துக்கு முன்னால ஜீப்பே தோத்துப்போச்சுல்லா." கடையே சிரித்தது. கையில் கிளாசோடு என் தங்கையும் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

வெட்டு நடந்த அன்று தேவசகாயம் கத்தினான். "அண்ணே, மூணு ஜீப்பு. எல்லாவன் கையிலயும் வெட்டுக்கத்தி. ஓடச் சொல்லு." இரண்டு தடவை கத்தினான். இரண்டு தடவையும் தெளிவாகக் கேட்டது.

நான் கையைக் குவித்தேன். ஓடு என்கிற சொல் தொண்டையை விட்டு வரவில்லை. சொன்னால் நீ மறுபடியும் சிரிப்பாய். "மூணு ஜீப்பு வருது. நில்லுங்க" என்று கத்தினேன்.

"மூணு ஜீப்பு. நிக்கோம்" என்று திருப்பிக் கத்தினாய்.

ஸ்டெல்லாவின் டிஷ்ஷிலிருந்து ஒரு குரலை அனுப்பி, அது போய்த் திரும்பி வருகிற நேரத்தை வைத்தே நிலா வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களாம். பாறைக்கும் கேட்டுக்கும் போய் வர, என் விரல் கணக்கில் நாலு எண்ணிக்கை. ஜீப்புகள் வளைவு சுற்றி வர ஒரு பீடி இழுக்கிற நேரம் ஆனது. எத்தனை தடவை மாற்றிக் கத்தியிருக்கலாம்? நான் கத்தவில்லை.

முதல் ஜீப்பு கேட்டை இடித்துப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தது. நீதான் முன்னால் நின்றாய். முதல் வெட்டு தோளில். மேலே இருந்து பார்த்த எனக்கு வெட்டு முதலில் தெரிந்தது, சத்தம் பிறகு வந்தது. இரண்டாவது வெட்டுக்கு நீ தூக்கிய கை தனியாகப் போய் விழுந்தது. மூன்றாவது கழுத்தில். நீ விழுந்த பிறகும் உன் அலறல் எனக்கு வந்துகொண்டிருந்தது. கீழே கிடந்த உன்னை அதற்குப் பிறகும் வெட்டினார்கள். கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தேன், ஒன்றும் எட்டவில்லை. நான் இறங்கி வந்தபோது தேயிலைத் தூளில் உன் ரத்தம் குழம்பிக் கிடந்தது. முகம் எது என்று தேடித்தான் உன்னை மடியில் எடுத்து வைத்தேன்.

கேட்டவர்களிடம், "காத்து அடிச்சுச்சு, தேவசகாயம் சொன்னதுல அவ்வளவுதான் காதுல விழுந்துச்சு" என்றேன். நம்பினார்கள். சத்தமாகக் கத்தாமல் போனோமே என்று சாகிறவரை தன்னையே அடித்துக்கொண்டான் அந்த மனுசன். ரோசம்மாள் இன்றைக்கும் காற்றைத்தான் திட்டுகிறாள்.

இந்த இடத்தில் ஸ்டெல்லாவின் பேனா நின்றது. எழுந்து வெளியே போனாள். வெகுநேரம் கழித்து வந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மாகிட்ட நீயே சொல்லிரு தாயி, எனக்கு வாய் வராது" என்றேன்.

"மாட்டேன். இத வாங்கிக் கடத்துற வேலை என்னுது இல்ல. நடுவுல ஆள் வைக்காம நீங்களே போய்ச் சொல்லுங்க." அப்புறம், "இதையும் எழுதிட்டேன்" என்றாள்.

ரோசம்மாள் கம்பம்மெட்டில், ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாள். நாளைக்கு முதல் பஸ்ஸில் போகிறேன், சேவியர். தேவசகாயம் கத்தியதை அவன் கத்தியபடியே, நான் கத்தியதை நான் கத்தியபடியே அவளிடம் சொல்வேன். அவள் அடித்தால் வாங்கிக்கொள்வேன். சொல்லிவிட்டு வந்த பிறகுதான் இந்தத் தாளைச் சங்கத்தில் கொடுக்க வேண்டும் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டேன். இது அச்சில் வந்திருந்தால், உன் மனைவிக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

இனியும் அப்படிச் சொல்லிக்கொள்ள அவள் விட்டால்,
உன் மச்சான்
அந்தோணிமுத்து