பச்சை வெல்வெட், இரண்டு கை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து சாரல். காயப்போட்டதை எடுக்க மாடிக்கு ஓடியதில் டீ ஆறிப்போனது.

மத்தியானம் டிரங்குப் பெட்டியைத் திறந்து வாப்பாவின் பச்சை வெல்வெட்டை எடுத்தேன். ஜித்தாவிலிருந்து கடைசி லீவுக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்தது. "பெருநாளைக்குத் தச்சுப் போடு மவளே" என்றார். பெருநாளைக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். மவுத்தான வீட்டில் யாருக்கு வெல்வெட் சட்டை? உம்மா மடித்துப் பெட்டியில் போட்டாள். கல்யாணமாகி நான் வந்தபோது பெட்டியோடு அதுவும் வந்தது. இத்தனை வருஷத்தில் மடிப்பை மாற்றி மாற்றி வைத்ததுதான் நான் அதற்குச் செய்தது.

இன்று அஃப்ரின் அதைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு, "நிக்காஹுக்கு இதுலதாம்மா எனக்கு கவுன் வேணும்" என்கிறாள். மாதக் கடைசியில் நிக்காஹ். தென்காசி முழுக்க துணிக்கடையாக இருக்க, என் மகளுக்கு இதுதான் வேணுமாம். சந்தோஷமாகவும் இருக்கிறது, கொடுக்க மனசில்லாமலும் இருக்கிறது. இதென்ன புத்தி?

ஆகஸ்ட் 7

அஃப்ரின் கேட்ட கவுனுக்கு ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்காரர் பேப்பர் பேட்டர்ன் வாங்கி ஆள்மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறார். விரித்தால் பாய் அளவு. வெங்காயத் தோல் மாதிரி காகிதம், அதில் ஆயிரம் கோடு. அம்புக்குறி, முக்கோணம், நம்பர்.

நானும் முத்துசெல்வியும் இலஞ்சி தையல் கிளாஸில் பழைய நியூஸ்பேப்பரில் வெட்டிப் பழகியவர்கள். அளவெடுத்தோமா, பாதி உடம்பு வரைந்தோமா, துணி மடிப்பில் வைத்து வெட்டினோமா, முடிந்தது. இது ஊர் பேர் தெரியாத யாருக்கோ வரைந்து வைத்தது. ஆனாலும் அஃப்ரினுக்கு ஒத்துப்போகிறது. கை நீளம் பார்க்க அவள் கையை என் கையோடு சேர்த்து வைத்தேன். ஒரே அளவு.

ஆகஸ்ட் 9

அம்புக்குறி என்றால் நேர் நூல். துணிக்கரையோடு இணையாக ஓடவேண்டும். முக்கோணம், இரண்டு துண்டும் சேருகிற இடம். தையலுக்கு விடுவதும் பேட்டர்னிலேயே சேர்ந்திருக்கிறது. நான் பாட்டுக்கு வழக்கம்போல இன்னொரு அரை இஞ்ச் விடப் பார்த்தேன், நல்லவேளை.

துணிமேல் எதை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு படம் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் எல்லாத் துண்டுக்கும் தலை ஒரே பக்கம். அது துணி கொழுத்துப் போனவர்களுக்கு. இன்னொன்றில் கை இரண்டும் தலைகீழாகத் திரும்பி இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. முக்கால் மீட்டர் மிச்சம்! கீழே இங்கிலீஷில் பொடி எழுத்தில் ஏதேதோ. வாசித்துச் சொல்ல அஃப்ரினைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளையோடு போனில் ஒரே சிரிப்பு. விட்டுவிட்டேன்.

எங்கள் கிளாஸில் தலைகீழாக வைத்து மிச்சம் பிடிக்கத் தெரியாதவளுக்குக் கத்திரியே தரமாட்டார்கள். மிஞ்சிய பாப்ளினில் முத்துசெல்விக்கு நான் கைக்குட்டை தைத்தேன், எனக்கு அவள் சுருக்குப்பை தைத்தாள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்குத் தெரியாமல் ஐந்தருவிக்குப் போய் நனைவோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரமாட்டார்கள், அவ்வளவு ஈரம். எவ்வளவு நல்லா இருந்தோம்!

அந்த முக்கால் மீட்டர் எனக்கு. வாப்பா எனக்கு வாங்கியதில் எனக்கும் ஒரு துண்டு வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10

பிஸ்மி சொல்லி வெட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

கை ஏற்றி, அஃப்ரினுக்கு மாட்டிவிட்டு, வாசல் வெளிச்சத்தில் நிறுத்தினேன். உடம்பு ஒரு பச்சை, கை வேறு பச்சை. கை ரெண்டும் கறுத்துக் கிடக்கு.

"கைக்கு வேற துணியா போட்டீங்க?" என்கிறாள். வேற துணிக்கு நான் எங்கன போவேன்? ஒரே துணிதானே — ஒரே பெட்டியில கிடந்ததுதானே!

முத்துசெல்வி இப்போது வாசுதேவநல்லூரில் தைக்கிறாள். வீடியோ காலில் காட்டினேன். பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, வெல்வெட்டுக்கு முடி ஒரு பக்கமால்லா படுத்திருக்கும். தலைகீழா வச்சா நெறம் மாறித்தான் தெரியும். பாப்ளின்ல படிச்ச புத்திய வெல்வெட்ல காட்டிட்டியே."

"இப்ப என்னட்டி செய்ய?"

"துணி மிச்சம் இருக்கா?"

போனைத் திரும்பவும் கவுன்மேல் திருப்பினேன்.

"இருக்கான்னு கேக்கேன்."

அழுகை வருது. அப்புறம் கூப்பிடுறேன்னு வச்சிட்டேன்.

ஆகஸ்ட் 15

பொடி எழுத்தை அஃப்ரின் இன்றைக்கு வாசித்தாள். முடி உள்ள துணியென்றால் முதல் படம்தானாம். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பரவால்லம்மா. மேல துப்பட்டா வருதுல்லா, யாரு பாக்கப்போறா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். செருப்பில் ஒட்டிய பூ ஒன்று உதிர்ந்தாலே கடைக்காரனோடு சண்டை போடுகிறவள், எனக்காகப் பரவாயில்லை என்கிறாள்.

மிச்சத் துண்டை எடுத்து விரித்தேன். இரண்டு கைக்கு என்ன வேண்டுமோ அது அப்படியே இருந்தது. எனக்கென்று ஒரு விரற்கடை மிஞ்சாது. கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு வெட்டினேன். தலை ஒரே பக்கம்.

ஆகஸ்ட் 18

பழைய கையைப் பிரித்துவிட்டுப் புதுக் கை ஏற்றியாச்சு. முழுக்க ஒரே பச்சை. அஃப்ரின் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நிக்காஹ் முடிந்தது. வாப்பா, நீங்க பாத்திருக்கணும்.

செப்டம்பர் 3

மகள் கடையநல்லூருக்குப் போயாச்சு. காலையில் பழக்கத்தில் இரண்டு பேருக்கு இட்லி ஊற்றிவிட்டேன், இருப்பது நான் ஒருத்தி.

மத்தியானம் மெஷினைத் துடைத்து ஒதுக்கும்போது, பின்னால் சாக்குப்பையில் பிரித்துப்போட்ட அந்த இரண்டு கையும் கிடந்தன. ஓரமெல்லாம் நூல் தொங்கிக்கொண்டு. தூக்கிப்போட மனசு வருமா?

கதவைச் சாத்திவிட்டு நைட்டிக்கு மேலேயே மாட்டினேன். தோள் வரைக்கும் ஏறியது. மேலிருந்து கீழே தடவினால் சொரசொர, மணிக்கட்டிலிருந்து மேலே தடவினால் வழுவழு. தலைகீழாக வெட்டியதல்லவா. கண்ணாடியில் பார்த்தேன். கறுத்த பச்சை, எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பெருநாளைக்குத் தச்சுப் போடச் சொன்னீங்களே வாப்பா. இந்தா, கை மட்டும் போட்டுட்டேன்.