யார் கண்ணிலும் படாத ஏரியல்

1981 ஜனவரி 12, திங்கள்

இன்று பதினொரு வீடுகள். மேட்டு நிலத்தில் இருக்கும் தார்ப் பண்ணைக்குப் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. ஆர்னல்ட் தார்ப்பின் கால் புண்ணில் போட்டிருந்த கட்டு நேற்றே நனைந்து அவிழ்ந்துவிட்டதாம். பனியில் தொலைபேசிக் கம்பி அறுந்து ஐந்து நாளாகிறது, சொல்லியனுப்ப வழியில்லை. அவர் மனைவி ஐவி படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டி வைத்திருந்தார்.

"இந்த மேட்டுல எல்லார் வீட்டுலயும் பெட்டி இருக்கு நர்ஸம்மா. உங்ககிட்ட மட்டுந்தான் இல்ல," என்றார்.

பெட்டி என்றால் லாரிக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோ. சமையலறை அலமாரியில் ஊறுகாய் ஜாடிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். சட்டப்படி குற்றம். பிடித்தால் பெட்டி போகும், அபராதம் கட்ட வேண்டும். எனக்கானால் வேலையே போகும். கார் சுகாதார அலுவலகத்துடையது.

ஜனவரி 13

என் கணவர் நார்மனிடம் சொன்னேன். பஸ் டிப்போவில் இருபது வருடமாக எஞ்சின் பார்க்கிறவர், எதற்கும் உடனே பதில் சொல்லமாட்டார். சாப்பிட்டு முடித்து, தட்டையும் கழுவி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "பெட்டிய சீட்டுக்கு அடியில ஒளிச்சிரலாம் தெல்மா. ஏரியல் கம்பிய எங்க ஒளிப்ப?"

ஜனவரி 24, சனி

லீட்ஸ் நகருக்குப் போனோம். கார் சாமான் கடை. கேட்ட விதத்திலேயே கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. பின்னறைக்குக் கூட்டிப்போய் மூன்று ஏரியல்களை மேசைமேல் வைத்தார்.

ஒன்று, அடியில் காந்தம் வைத்தது. நாலடி உயரம். கூரை நடுவில் நிறுத்தினால் மலைப் பக்கத்திலும் பத்து மைல் எட்டுமாம். இரண்டாவது, கூரை ஓரத்து மழைநீர் விளிம்பில் திருகி வைப்பது. வேண்டாதபோது கழற்றி டிக்கியில் போட்டுவிடலாம். மூன்றாவது, பார்த்தால் பாட்டுக் கேட்கிற சாதாரண ஏரியல்தான். முன் சக்கரத்துக்கு மேலே நிற்கும். பாட்டும் அதில் வரும், பேச்சும் அதில் போகும்.

எவ்வளவு தூரம் போகும் என்று மூன்றாவதைக் காட்டிக் கேட்டேன்.

"ரெண்டு மைல். குறுக்க மலை இருந்தா அதுவும் இல்ல. மறைக்க மறைக்கக் காது மந்தமாகும்மா. வாயும்தான்."

எனக்கு மிஸ் பிக்கர்ஸ்கில்தான் நினைவுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அலுவலக முற்றத்தில் நின்று ஒவ்வொரு காராகச் சுற்றிப் பார்க்கிற மேலதிகாரி. மூன்றாவதை எடுத்தேன்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது நார்மன், "ரெண்டாவத வாங்கியிருக்கலாம்," என்றார். ஒரு வெள்ளிக்கிழமை கழற்ற மறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பெட்டியும் வாங்கிச் சீட்டுக்கு அடியில் வைத்து, ஏரியலும் மாட்டியாயிற்று. பாதி நாள் போயிற்று. பேச்சு வெளியே போகிறதா, முட்டித் திரும்பி வருகிறதா என்று காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றை நார்மன் இரவல் வாங்கி வந்திருந்தார். முள் ஒன்றில் நிற்க வேண்டுமாம்; மூன்றில் நின்றது. அப்படியே பேசினால் பெட்டியே புகைந்துவிடுமாம். கல் சுவரை விட்டுக் காரைத் திறந்த வெளிக்குத் தள்ளினோம். கம்பி நுனியை அவர் திருகத் திருக முள் மெல்ல இறங்கியது. இரண்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டது. இதற்கு மேல் இறங்காது என்றார்.

ஐவியைக் கூப்பிட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதாம். ஆனாலும் கேட்கிறது!

பிப்ரவரி 20, வெள்ளி

மிஸ் பிக்கர்ஸ்கில் காரைச் சுற்றி வந்தார். ஏரியல் பக்கத்தில் நின்றார்.

"இது எதுக்கு மிஸஸ் சக்டன்?"

பாட்டுக் கேட்க என்றேன். வேலை நேரத்தில் பாட்டு எதற்கு என்று முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த காருக்குப் போனார். நல்ல தேர்வுதான் செய்திருக்கிறேன்.

மார்ச் 17

பெட்டியால் இந்த மாதம் நான்கு முறை வீண் அலைச்சல் மிச்சம். பள்ளத்தாக்கில் நன்றாகவே எட்டுகிறது. மேட்டில்தான் பாதி கேட்கும், பாதி கேட்காது.

ஏப்ரல் 25, சனி

நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் இப்படிப் பனி கொட்டும் என்று யார் நினைத்தார்கள். காலை பத்து மணி. மேட்டுச் சாலை தொடங்கும் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். பெட்டியில் ஐவி.

"யாராவது இருக்கீங்களா? ஆர்னல்டுக்கு மூச்சு முட்டுது. நெஞ்சு வலிக்குதுங்கிறார். யாராவது இருக்கீங்களா?"

உடனே பதில் சொன்னேன். மறுபடி அதே வார்த்தைகள். மறுபடி சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மேட்டில் மின்சாரமும் தொலைபேசியும் போய், மற்ற வீட்டுப் பெட்டிகள் அடங்கிவிட்டன; தார்ப் பண்ணையில் மட்டும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள் என் குரல் எங்கே போய் நுழையும்? கண்ணாடியை இறக்கினேன், காரை நகர்த்தினேன், கத்தினேன். படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள், வெளியே கொண்டுவராதீர்கள், வந்துகொண்டிருக்கிறேன்— எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவர் வீட்டு ஏரியல் கூரைமேல் உயரத்தில் நிற்பது; அவர் குரல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

பாலத்தடித் தொலைபேசிக் கூண்டிலிருந்து ஆம்புலன்சுக்குச் சொன்னேன். பனி தள்ளும் வண்டி முன்னே போனால்தான் வர முடியும் என்றார்கள். நான் மேலே ஏறினேன். பண்ணைக்கு ஒரு மைல் இருக்கும்போது கார் புதைந்துவிட்டது. இறங்கப் போகிற நேரத்தில் மறுபடி ஐவி.

"சரி. யாரும் இல்ல போலிருக்கு. நானே கூட்டிட்டு வர்றேன்."

வேண்டாம் என்று கத்தினேன்; போய்ச் சேரவில்லை. நடந்தேன். ஓடினேன் என்று சொல்ல முடியாது, முழங்கால் வரை பனி. பாதி வழியில் அவர்களைப் பார்த்தேன். ஆடுகளுக்கு வைக்கோல் இழுக்கிற சறுக்குப் பலகையில் ஆர்னல்டை மல்லாக்கப் படுக்க வைத்து, மூன்று கம்பளி போர்த்தி, கயிற்றைத் தோளில் போட்டு ஐவி இழுத்து வந்தார். அறுபத்து நாலு வயது. ஆர்னல்டின் உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கி உட்கார வைத்து என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரமாயிற்று.

ஏப்ரல் 28, செவ்வாய்

ஆர்னல்ட் இன்று விடியும்போது போய்விட்டார். வீட்டிலேயே இருந்திருந்தாலும் அந்த இதயம் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியிருக்காது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். இருக்கலாம். அந்த ஒரு மாதம்?

ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் ஐவி கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"மொதல்லேர்ந்தா?"

"மொதல்லேர்ந்து."

தலையாட்டினார். "யாரும் இல்லன்னு நெனச்சுதான் அவர வெளிய எடுத்தேன்."

எழுந்து வாசலை நோக்கி நடந்தார். திட்டியிருக்கலாம்.

மே 2, சனி

லீட்ஸ். நாலடி ஏரியல். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், பின்னறைக்குப் போய் எடுத்துவந்தார். நார்மன் அதைக் கூரைக்கு நட்டநடுவில் வைத்தார். முள் ஒன்றைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏறியது. தெருக்கோடியிலிருந்தே தெரிகிறது. தெரியட்டும்.

மே 8, வெள்ளி

மிஸ் பிக்கர்ஸ்கில் பார்த்தார். பார்க்காமல் எப்படி. அறைக்குக் கூப்பிட்டார். எடுத்துவிடு என்றார். மாட்டேன் என்றேன். ஏன் என்றார். ஏப்ரல் 25 அன்று நடந்ததைச் சொன்னேன். முதல் ஏரியலைப் பற்றியும், அவரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னேன். மேசையிலிருந்த கோப்பைத் திறந்தார்.

"நான் இத மேல எழுதித்தான் ஆகணும் மிஸஸ் சக்டன்."

எழுதுங்கள் என்றேன்.

ஜூன் 11

எழுத்தில் கண்டிப்பு வந்தது. இந்த வருடச் சம்பள உயர்வு கிடையாது. ஏரியலை எடுக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. அந்த வரியை எழுதாமல் விட்டது யார் என்று ஊகிக்க முடிகிறது. நன்றி சொன்னால் மறுப்பார்.

ஜூலை 30

மேட்டுச் சாலை ஏறும்போதெல்லாம் பெட்டியில் சொல்லிவிடுகிறேன். பாலத்தில் இருக்கிறேன், குவாரி தாண்டிவிட்டேன், இன்ன வீட்டுக்குப் போகிறேன் என்று. மற்ற பண்ணைக்காரர்கள் கேலி பேசுவார்கள். "ரேடியோ செய்தி ஆரம்பிச்சாச்சுடா!" தார்ப் பண்ணையிலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை. ஐவிக்கு ரத்த அழுத்தம் பார்க்க மாதம் ஒருமுறை போகிறேன். கையை நீட்டுவார், டீ கொடுப்பார், ஆட்டு விலை பேசுவார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அலமாரியில் பெட்டி மேல் துணி போர்த்தியிருக்கிறது.

செப்டம்பர் 9

நவம்பரிலிருந்து உரிமம் வாங்கிக்கொண்டு எவரும் பேசலாமாம். வேறு வகைப் பெட்டி வாங்க வேண்டும் என்கிறார்கள். நார்மன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 22, வியாழன்

ஐவிக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை. மருந்தை மாற்ற வேண்டியதில்லை. பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"நேத்து பன்னெண்டேகாலுக்குப் பாலத்துக்கிட்ட இருக்கேன்னு சொன்ன," என்றார். "அப்புறம் மூணு மணி வரைக்கும் சத்தமே இல்ல. எங்க போய்ட்ட?"

கையிலிருந்த பட்டையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். மே மாதத்திலிருந்தா கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. குவாரிக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர் என்றேன்.

"அதையுந்தான் சொல்றது," என்று எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார்.